எதில் முப்பது?

தள்ளுபடி என்று ஒன்று இருக்க வேண்டுமானால் அதற்கு முன்பே எழுதி வைத்த விலை ஒன்று இருந்தாக வேண்டும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து மயிலத்துக்குச் சாலை பிரியும் கூட்டேரிப்பட்டு போன்ற ஊர்களில் இதன் இரு நிலைகளையும் அருகருகே காணலாம். சந்தைக்கு வரும் ஆட்டின் கழுத்தில் விலைச்சீட்டு தொங்குவதில்லை. வாங்க வந்தவர் ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து, முதுகெலும்பை விரலால் அழுத்தி, இடுப்பைப் பிடித்துத் தூக்கி, கறி எத்தனை கிலோ தேறும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்ட பிறகே பேரம் தொடங்குகிறது. பன்னிரண்டாயிரம் என்று தொடங்கிய பேச்சு ஒன்பதாயிரத்து ஐந்நூறில் முடிந்தால் ஏறத்தாழ 21 விழுக்காடு தள்ளுபடி கிடைத்ததாக இரு தரப்பிலும் யாரும் சொல்வதில்லை, ஏனெனில் அந்தப் பன்னிரண்டாயிரத்தை விற்றவரே நம்பிச் சொல்லவில்லை. அதே நெடுஞ்சாலையோரத்துத் துணிக்கடையிலோ ஆடி மாதத்தில் முப்பது, நாற்பது, ஐம்பது என்று பதாகைகள் தொங்குகின்றன; அங்கே சட்டையின் கழுத்துப் பட்டையில் ஒரு விலை அச்சாகியிருப்பதால்தான் அந்த எண்களுக்குப் பொருள் கிடைக்கிறது.

எழுதி ஒட்டிய, எல்லோருக்கும் ஒன்றான விலை என்னும் வழக்கம் வணிக வரலாற்றில் அவ்வளவு பழையதன்று. 1852 முதல் பாரிசில் பான் மார்ஷே கடையை வளர்த்தெடுத்த அரிஸ்டிட் பூசிக்கோ அதைப் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர்; குறிப்பிட்ட பருவத்தில் விலையைக் குறைத்து விற்கும் முறையும் அவ்வகைப் பெருங்கடைகளில்தான் வேரூன்றியது. தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் ‘வாழ்வியல் கணிதம்’ பகுதி இவ்விலைகளை மூன்றாகப் பிரிக்கிறது: வணிகர் பொருளை வாங்கிய விலை அடக்க விலை, சீட்டில் எழுதியிருப்பது குறித்த விலை, வாங்குபவர் கையிலிருந்து உண்மையில் போவது விற்பனை விலை. இலாபம் அடக்க விலையின் மீதும், தள்ளுபடி குறித்த விலையின் மீதும் கணக்கிடப்படுகின்றன. ஒரு விழுக்காடு எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறதோ அந்தத் தொகையை இந்த அத்தியாயம் அடித்தொகை என்று குறிக்கும். கடைக்காரரின் இலாப விழுக்காட்டுக்கும் வாங்குபவரின் தள்ளுபடி விழுக்காட்டுக்கும் அடித்தொகை வேறு வேறு என்பதையும், வாங்குபவருக்குத் தெரியும் அடித்தொகையை எழுதி வைப்பவர் கடைக்காரரே என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் கணக்குகளில் பெரும்பாலானவை தாமாகவே அவிழ்ந்துவிடும்.

விழுக்காடு, அல்லது சதவீதம், என்பது பகுதியை நூறாக வைத்து எழுதும் பின்னம். 30 விழுக்காடு என்றால் நூறில் முப்பது. வேறு வேறு பகுதிகள் கொண்ட பின்னங்களை ஒப்பிடுவது கடினம் என்பதாலேயே எல்லாவற்றையும் நூறுக்கு மாற்றும் பழக்கம் உலகெங்கும் நிலைத்தது. தமிழர் கணக்கு மரபில் நூறின் இடத்தில் வேறு அளவைகள் இருந்தன: இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, பதினாறில் ஒன்று மாகாணி, எட்டில் ஒன்று அரைக்கால். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பலிசை, அதாவது வட்டி, என்று வருவது இன்றைய எழுத்தில் 12.5 விழுக்காடு. இன்றைய தள்ளுபடிப் பதாகைகள் பெரும்பாலும் ஐந்தின் மடங்குகளிலேயே அமைவதால் அந்தப் பழைய அளவைகள் அவற்றோடு வியக்கத்தக்க விதத்தில் பொருந்துகின்றன: 5 விழுக்காடு ஒரு மா, 10 இருமா, 15 மும்மா, 20 நாலுமா, 25 கால், 30 காலே ஒரு மா. பழைய கணக்காயர் ஒருவர் இன்று துணிக்கடைக்கு வந்தால் பதாகையைப் படிக்கக் கணிப்பொறி தேட மாட்டார்.

முப்பது என்னும் எண்ணைத் தமிழ்நாட்டில் ஓரளவு அளவுகோலாகவே கொள்ளலாம். 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் எனப்படும் தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தீபாவளிக்கு அறிவிக்கும் சிறப்புத் தள்ளுபடி வழக்கமாக 30 விழுக்காடு. காந்தி பிறந்த நாளையொட்டிக் கதர் அங்காடிகளில் கதர், பட்டு, பாலியஸ்டர் ரகங்களுக்கு 30, கம்பளி ரகங்களுக்கு 20 என்று ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது. இத்தகைய இரட்டை அறிவிப்பில் ஒருவர் இரு ரகங்களையும் வாங்கினால் மொத்தத் தள்ளுபடி 25 என்று சராசரி எடுப்பது இயல்பான தவறு. 600 ரூபாய்க் கதர்த் துண்டுகளும் 2,400 ரூபாய்க் கம்பளிச் சால்வையும் வாங்கினால் கழிவு 180 ரூபாயும் 480 ரூபாயும் சேர்ந்து 660. மூவாயிரத்தில் அது 22 விழுக்காடு. அடித்தொகை பெரிதாக உள்ள பொருளின் விழுக்காடு சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் இதைக் கணிதத்தில் எடையிட்ட சராசரி என்பர். தனியார் கடைகளின் ‘50% வரை’ என்னும் பதாகை இந்த இடத்தில்தான் விளையாடுகிறது: ‘வரை’ என்னும் சிறிய எழுத்துச் சொல் உச்ச அளவை மட்டுமே உறுதி செய்கிறது, கடையில் ஒரே ஒரு கைக்குட்டைக்கு ஐம்பது கழித்துவிட்டு மற்றவற்றுக்கெல்லாம் பத்து கழித்தாலும் பதாகை பொய்யாகிவிடாது. 300 ரூபாய்ப் பொருளுக்கு 50, 2,700 ரூபாய்ச் சேலைக்கு 10 என்றால் வீட்டுக்குப் போகும் தள்ளுபடி 14 விழுக்காடுதான்.

அடுத்தடுத்துக் கழிக்கப்படும் இரு தள்ளுபடிகள் இதைவிட நுட்பமானவை. ‘50% + 20%’ என்று எழுதியிருக்கும் கடையையும் ‘65%’ என்று எழுதியிருக்கும் கடையையும் பார்ப்பவர் எழுபதைவிட அறுபத்தைந்து சிறிது என்று முதல் கடைக்குள் நுழைகிறார். ஆயிரம் ரூபாய்ச் சட்டைக்கு முதல் கழிவில் 500 போகிறது. இரண்டாவது கழிவான 20 விழுக்காடு மீதமுள்ள 500இல் கணக்கிடப்படுவதால் அது வெறும் 100. செலுத்த வேண்டியது 400. மொத்தக் கழிவு 60 விழுக்காடே ஆவதால் இரண்டாவது கடையில் அதே சட்டை 50 ரூபாய் மலிவு. இரு விழுக்காடுகளின் கூட்டலிலிருந்து அவற்றின் பெருக்கலில் நூறில் ஒரு பங்கைக் கழித்தால் உண்மையான தள்ளுபடி கிடைக்கும்: 70இலிருந்து 10 போக 60. நுகர்வோர் இவ்விரு எண்களையும் நேரடியாகக் கூட்டிவிடும் போக்கை ஹைபெங் சென், அக்‌ஷய் ராவ் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: எதை முதலில் கழித்தாலும் விடை மாறுவதில்லை, ஏனெனில் 0.5ஐ 0.8ஆல் பெருக்கினாலும் 0.8ஐ 0.5ஆல் பெருக்கினாலும் 0.4தான்.

விழுக்காட்டுத் தள்ளுபடியோடு ரூபாய்த் தள்ளுபடி கலக்கும்போது அந்த ஆறுதல் போய்விடுகிறது. ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்குப் பத்து விழுக்காடும் 200 ரூபாய்க் கூப்பனும் இருந்தால், கூப்பனை முதலில் கழித்து மீதமுள்ள 800இல் பத்து விழுக்காடு கழிக்கும் கடையில் 720 செலுத்த வேண்டும். விழுக்காட்டை முதலில் கழிக்கும் கடையில் 700 போதும். பெரும்பாலான பில் மென்பொருள்களில் இந்த வரிசையைத் தீர்மானிப்பவர் கடைக்காரரே. ‘ஆயிரத்துக்கு வாங்கினால் அடுத்த முறைக்கு 200 ரூபாய் கூப்பன்’ என்பது வேறொரு வகை; அதை 20 விழுக்காடு என்று எடுத்துக்கொள்வோர் மிகுதி என்றாலும், ஆயிரம் ரூபாய் கொடுத்து 1,200 ரூபாய்ப் பொருள் பெறுவதால் அது அறுநூறுக்கு நூறு என்னும் விகிதத்தில் 16.67 விழுக்காடுதான், அதுவும் அந்தக் கூப்பன் காலாவதியாகும் முன் மறுபடி கடைக்குப் போனால்.

ஏற்றமும் இறக்கமும் ஒரே விழுக்காட்டில் சமன் ஆவதில்லை என்பது அடித்தொகைக் கணக்கின் இன்னொரு விளைவு. விலையை 25 விழுக்காடு ஏற்றிய பின் 20 விழுக்காடு குறைத்தால் பழைய விலை வந்துவிடுகிறது; இரு மடங்காக்கிவிட்டு ஐம்பது குறைத்தாலும் அவ்வாறே. ஆயிரம் ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்த பொருளை 30 விழுக்காடு தள்ளுபடி தந்தும் ஆயிரத்துக்கே விற்க விரும்பும் கடைக்காரர் சீட்டில் 1,430 என்று எழுதினால் போதும். எல்லாக் கடைகளும் இப்படிச் செய்கின்றன என்பதன்று. ஆனால் தள்ளுபடி விழுக்காட்டை மட்டும் வைத்து இரு கடைகளை ஒப்பிட முடியாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே சான்று. உறையிட்ட பொருள்களில் வரிகள் அனைத்தும் உள்ளடங்கிய அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்குகின்றன என்றாலும், அதிகபட்சம் என்னும் சொல் உணர்த்துவது போல அது விற்கக்கூடிய உச்சவரம்பு மட்டுமே. நேற்றுவரை அப்பொருள் என்ன விலைக்குப் போனது என்பதை அந்த அச்சு சொல்வதில்லை.

இதே குழப்பம் அரசின் வரிக் குறைப்பிலும் நேர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரியின் 12, 28 விழுக்காட்டு அடுக்குகள் பெரும்பாலும் கைவிடப்பட்டு, பல பொருள்கள் 5க்கும் 18க்கும் நகர்ந்தன. 28இலிருந்து 18க்கு வந்த அறைக் குளிரூட்டிக்கும் 350 சிசிக்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்கும் விலை பத்து விழுக்காடு குறையும் என்று பலர் எதிர்பார்த்தனர். வரியில்லா விலை நூறு எனக் கொண்டால் வாங்குபவர் முன்பு கொடுத்தது 128, இப்போது கொடுப்பது 118. குறைந்த பத்து ரூபாய் 128இல் 7.8 விழுக்காடே. வரி விகிதம் குறைந்ததைப் பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் என்றும், விலை குறைந்ததை 7.8 விழுக்காடு என்றும் பிரித்துச் சொல்வது புள்ளியியலாரின் வழக்கம். 12இலிருந்து 5க்கு இறங்கிய நெய்யிலும் சைக்கிளிலும் 112 ரூபாய் 105 ஆகிறது. குறைந்த 7 ரூபாயை 112ஆல் வகுத்தால் பதினாறில் ஒன்று, மிகச் சரியாக ஒரு மாகாணி.

அந்தச் சீர்திருத்தத்தில் தள்ளுபடிக் கணக்கைத் தலைகீழாக்கும் விதி ஒன்றும் உள்ளது. தைத்த ஆடையின் விற்பனை மதிப்பு ஓர் உருப்படிக்கு 2,500 ரூபாயைத் தாண்டாவிட்டால் வரி 5 விழுக்காடு, தாண்டினால் 18. பில்லிலேயே காட்டிக் கழிக்கப்படும் தள்ளுபடி வரி விதிக்கத்தக்க மதிப்பில் சேராது என்பதால், வரி நீங்கலாக 2,600 ரூபாய் விலையுள்ள உடைக்கு 10 விழுக்காடு கழித்தால் மதிப்பு 2,340க்கு இறங்கி வரியும் 5க்கு மாறுகிறது. முன்பு வரியோடு 3,068 ஆகியிருக்க வேண்டியது இப்போது 2,457. ஆக, பத்து விழுக்காட்டுத் தள்ளுபடி ஏறத்தாழ இருபது விழுக்காட்டு விலைக் குறைவாகிறது. வரியைத் தனியாகச் சேர்க்கும் கடையில் மட்டுமே வாங்குபவர் இதை நேரடியாகக் காண்பார். வரி உட்பட ஒரே விலை எழுதும் கடையில் இந்த வேறுபாடு யார் பைக்குப் போகிறது என்பது கடைக்காரரின் மனத்தைப் பொறுத்தது.

விழுக்காடு ஒப்பிட உதவும் கருவி என்றாலும், வீட்டில் மிஞ்சுவது ரூபாய்தான். அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1981இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில் இதைக் காட்டும் புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. 15 டாலர் விலையுள்ள கணிப்பான் இருபது நிமிடத் தொலைவில் உள்ள கிளையில் 10 டாலருக்குக் கிடைக்கும் என்றபோது அங்கே போவதாகச் சொன்னவர்கள் 68 விழுக்காட்டினர். 125 டாலர்க் கணிப்பான் அங்கே 120க்குக் கிடைக்கும் என்றபோது அதே ஐந்து டாலருக்காகப் போவதாகச் சொன்னவர்கள் 29 விழுக்காட்டினரே. கூட்டேரிப்பட்டில் வாழ்பவருக்கு இது ஏட்டுச் சோதனையன்று, ஏனெனில் பெரிய பொருள் வாங்கத் திண்டிவனமா, விழுப்புரமா, புதுச்சேரியா என்னும் கேள்வி அங்கே எப்போதும் இருக்கிறது. 1,500 ரூபாய் குக்கரில் 300 ரூபாய் குறைவு என்றால் பேருந்து ஏறுபவரே, 30,000 ரூபாய்த் துணி துவைக்கும் இயந்திரத்தில் 300 ரூபாய் குறைவு என்றால் ஒரு விழுக்காடுதானே என்று உள்ளூரிலேயே வாங்கிவிடுகிறார். பயணச் செலவும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் கணக்குப்படி இரு முடிவுகளும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது இந்தக் கணக்கில் ஒரு புதிய கூறு: ஒரே வீட்டில் ஆணுக்குக் கட்டுபடியாகாத தள்ளுபடி பெண்ணுக்குக் கட்டுபடியாகலாம், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு மதிப்புப் போடாதவரை.

விலையைக் குறைக்காமல் அளவைக் கூட்டித் தருவதும் தள்ளுபடியே, ஆனால் அதன் அடித்தொகை வேறு. ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்பது 50 விழுக்காடு, இரண்டுக்கு ஒன்று 33.3, மூன்றுக்கு ஒன்று 25. ‘50% கூடுதல்’ என்று உறையில் அச்சிட்டால் அது விலையில் ஐம்பது குறைவு ஆகாது. நூறு கிராமின் விலையில் நூற்றைம்பது கிராம் கிடைப்பதால் ஒரு கிராமின் விலை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அக்‌ஷய் ராவும் சென்னும் உள்ளிட்ட குழு ஒரு கடையில் கைக்குப் பூசும் களிம்பை வைத்து நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் அளவு என்று விற்றபோது அதற்குச் சமமான விலைக் குறைப்பைவிட 73 விழுக்காடு அதிகம் விற்பனையானது. பெரிய எண் வென்றது, கணக்கு ஒன்றே. 18இலிருந்து 5க்கு வரி குறைந்த பிஸ்கட்டைப் பத்து ரூபாய்ப் பாக்கெட்டிலேயே தொடர்ந்து விற்க விரும்பும் நிறுவனம் பயனை முழுவதும் வாங்குபவருக்குத் தர வேண்டுமானால், நூறு கிராமை 112.4 கிராம் ஆக்க வேண்டும். விலையில் தருவதானால் 11 விழுக்காடு குறைத்தால் போதும். இவ்வகை ஒப்பீட்டுக்கு விழுக்காட்டை விட்டுவிட்டு ஒரு கிராமின் விலையை வகுத்துப் பார்ப்பதே சுருக்கு வழி. உறையிட்ட பொருள் விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம் ஒரு கிராம், ஒரு மில்லிலிட்டர், ஒரு கிலோ, ஒரு லிட்டர் என்ற கணக்கில் அலகு விற்பனை விலையை உறையில் அச்சிடச் சொல்கிறது. எழுத்து பொடியாக இருந்தாலும் மளிகைக் கடையில் உள்ள எல்லாப் பதாகைகளையும்விட அதுவே நேர்மையானது.

தமிழ்நாட்டில் அடித்தொகை மிக ஆழமாக ஒளிந்திருக்கும் இடம் நகைக்கடை. நகை செய்யும்போது உருக்குவதிலும் அராவுவதிலும் வீணாகும் பொன்னுக்கு ஈடாகச் சேதாரம் என்றும், வேலைக்குச் செய்கூலி என்றும் வாங்குவது மரபு. சேதாரம் பொன்னின் மதிப்பில் விழுக்காடாகக் கணக்கிடப்படுகிறது, அந்த விழுக்காடு கடைக்குக் கடை, நகைக்கு நகை மாறும். அட்சய திருதியைக்கும் ஆடிக்கும் வரும் ‘சேதாரத்தில் 50% தள்ளுபடி’ என்னும் அறிவிப்பு விழுக்காட்டின் மீது ஏறி நிற்கும் விழுக்காடு. கணக்குக்காக ஒரு பவுன், அதாவது எட்டு கிராம், 80,000 ரூபாய் என்று கொள்ளலாம். முதல் கடையில் சேதாரம் 16 விழுக்காடு, அதில் பாதி தள்ளுபடி: 12,800இல் 6,400 போக, செலுத்த வேண்டியது 6,400. இரண்டாவது கடையில் அதே வேலைப்பாட்டுக்குச் சேதாரம் 8 விழுக்காடு, தள்ளுபடி 20 மட்டும்: 6,400இல் 1,280 போக 5,120. ஐம்பது என்று எழுதிய கடையைவிட இருபது என்று எழுதிய கடையில் 1,280 ரூபாய் குறைவு. நகைக்கு உரிய 3 விழுக்காட்டு வரியும் சேர்ந்தால் வேறுபாடு 1,318 ரூபாயைத் தாண்டும். முதல் கடையின் ஐம்பதையே பொன்னும் சேதாரமும் சேர்ந்த 92,800 ரூபாயின் மீது வைத்துப் பார்த்தால் அது 6.9 விழுக்காடு. பில் போடுமுன் எழுதித் தரும் எஸ்டிமேட் சீட்டில் எடை, அன்றைய கிராம் விலை, சேதாரம் என்னும் மூன்றும் தனித்தனி வரிகளில் இருப்பதால், இரு கடைகளின் சீட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் பதாகையில் உள்ள எண்ணைத் தொடவே வேண்டியதில்லை: செலுத்த வேண்டிய மொத்தத்தை எடையால் வகுத்தால், அந்தக் கடையில் அந்த நகையின் ஒரு கிராம் என்ன விலைக்கு வருகிறது என்பது ஒரே எண்ணாகக் கிடைத்துவிடும்.